நாற்பத்தெட்டாவது கருவி

நான் சொல்லப் போவதில் ஒரு சொல் பொய் என்றால் என் இரண்டு கண்ணிலும் ஃபீனால் தெறிக்கட்டும், ஆட்டோகிளேவ் மூடி என் கால் பெருவிரலில் விழட்டும், நான் இத்தனை வருஷம் கழுவி அடுக்கிய கண்ணாடிக் குப்பிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று, வெயிலுமுத்து ஒரு புளுகன் என்று சாட்சி சொல்லட்டும். போதுமா? போதாதென்றால் சத்தியம் இன்னும் கையிருப்பில் இருக்கிறது. செல்போனுக்கு டவர் தேடி இந்தப் பாழடைந்த கட்டடத்துப் பின்பக்கம் வரைக்கும் வந்துவிட்டீர்கள். இந்த ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் ரெண்டு கோடு கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கிடைக்கும், ஆனால் உடனே கிடைக்காது. அது வரும் வரைக்கும் அந்தக் கல்லில் உட்காருங்கள் சார். கருவேல முள் கிடக்கும், பார்த்து.

அப்போது இது பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கு வேளாவேளைக்கு ஆகாரம் கொடுத்து, முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்து, நன்றாக வளர்ந்த பிறகு எதைக் கொடுத்தால் சாகும் என்று பார்க்கிற இடம். நான் லேப் அட்டெண்டர். பாட்டில் கழுவுவது, ஆட்டோகிளேவில் ஆவி ஏற்றுவது, வேலை முடிந்த கிருமியைக் கொன்று கொட்டுவது, ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பொய்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பது, இந்த நாலும் என் வேலை. நாலாவதுக்கு மட்டும் அரசாங்க உத்தரவு கிடையாது.

இந்த அறை காசநோய்க் கிருமிக்கென்று ஒதுக்கின அறை. மற்றக் கிருமியெல்லாம் ஒரே நாளில் பொலபொலவென்று வளர்ந்துவிடும். காசக் கிருமி அப்படி இல்லை, அது பெரிய வீட்டு மாப்பிள்ளை. கோழிமுட்டையை உடைத்து, பச்சைச் சாயம் கலந்து, சின்னக் குப்பியில் சாய்வாக உறைய வைத்து, அதன் மேல் நோயாளியின் சளியைத் தடவிக் காத்திருந்தால், எட்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் ரஸ்க் தூள் சிந்தின மாதிரி தலை காட்டும். முட்டை கொடுத்தது கேண்டீன் அமீர்ஜான். கேண்டீனில் ஆம்லெட் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிப் போனதற்கு எங்கள் கிருமியின் பசிதான் காரணம் என்று மாணவர்கள் சொல்வார்கள். அமீர்ஜானும் அதை மறுக்க மாட்டான், அவனுக்கு அது வசதி.

இங்கே ஆராய்ச்சி செய்தவள் முத்துப்பேச்சி. தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஊர்க்காரி. அவள் அப்பா செல்லையா குச்சிக்கு மருந்து முக்குகிற வேலையில் இருந்தவர், மூன்று வருஷமாகக் காசநோய், கொடுத்த மருந்து எதற்கும் கேட்காத காசநோய். இங்கிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் மலையடிவாரத்தில் ஒரு காச ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே ஒரு கட்டில். பேச்சி இந்தப் படிப்புக்கு வந்ததே அவருக்காகத்தான். ஒரு நாள் அப்பாவின் சளியை மூடி திருகின குப்பியில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் "வீட்டுலயா பிரியாணி செஞ்சது?" என்று கேட்டாளாம். ஆறு குப்பியில் ஆறு மருந்து கலந்து அந்தச் சளியைத் தடவினாள். எந்தக் குப்பியில் கிருமி முளைக்காமல் போகிறதோ அந்தக் குப்பியின் மருந்துதான் அப்பாவைக் காப்பாற்றும். எட்டு வாரம். அவள் உயிர் அந்த ஆறு குப்பியில்தான் இருந்தது.

அவள் குப்பிகளை இன்குபேட்டர் என்கிற சூட்டுப் பெட்டிக்குள் வைத்த நாள் ஆயுத பூஜை.

உங்களுக்குத் தெரியாததா? கருவி எது இருக்கிறதோ அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படையல் போட்டு, அன்றைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். பஸ் டெப்போவில் பஸ்ஸுக்கு, தறிக்கூடத்தில் தறிக்கு, எங்களுக்கு மைக்ராஸ்கோப்புக்கு. நான் சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தேன். இன்குபேட்டர், சுழல் மெஷின், தராசு, ஃபிரிட்ஜ், ஆட்டோகிளேவ் என்று இந்த அறையில் நாற்பத்தேழு சாமான். நாற்பத்தேழாவது மைக்ராஸ்கோப். அதில் கண்ணைப் புதைத்து உட்கார்ந்திருந்தாள் பேச்சி.

"தள்ளும்மா, பொட்டு வைக்கணும்."

"ரெண்டே நிமிஷம்ணே. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"இன்னிக்கு மிஷினுக்கு லீவு."

"மிஷினுக்குத்தானே? எனக்கு இல்லியே."

மைக்ராஸ்கோப்புக்கு வைத்தேன். விரலில் சந்தனம் மிச்சம் இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை தின்னாமல் தூங்காமல் ஓடுகிற மிஷின் வேறு எது இந்த அறையில் என்று ஒரு குறும்பு தோன்றியது. அவள் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, "நாப்பத்தெட்டு" என்றேன். கூட நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவளும் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்காமலே சிரித்தாள். கற்பூரத்தட்டை அவளுக்கும் சேர்த்து மூன்று சுற்று சுற்றினேன். நான் செய்தது அவ்வளவுதான் சார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேச்சி ஹாஸ்டலுக்குப் புறப்பட்டாள். வலது காலை எடுத்து வைத்து அறைக் கதவைத் தாண்டி வெளியே போனாள், அதே வலது காலோடு அதே கதவு வழியாக உள்ளே வந்தாள். "என்னத்தையோ மறந்துட்டேன் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி போனாள், மறுபடி வந்தாள். பையை வைத்துவிட்டுப் போனாள், பையை எடுத்துக்கொண்டு போனாள், பின்பக்கமாக நடந்து போனாள், கண்ணை மூடிக்கொண்டு போனாள். நாங்கள் யார் போனாலும் வராந்தாவுக்குப் போனோம். அவள் போனால் மட்டும் கதவு அவளைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளே விட்டது. பொட்டைத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை; சோப்பு, ஸ்பிரிட், டெட்டால் என்று தேய்த்துப் பார்த்தாள், நெற்றி சிவந்ததே தவிர சந்தனம் அப்போது வைத்த ஈரத்தோடு அப்படியே இருந்தது.

"விஜயதசமி அன்னிக்குக் காலைல கருவியை எடுத்து வேலையை ஆரம்பிச்சா விட்டுரும்" என்றார்கள். மறுநாள் வந்தது, ஆரம்பித்தோம், கதவு விடவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது. இயற்பியல் துறையிலிருந்து ஒருவர் டேப்பு வைத்துக் கதவை நீள அகலம் அளந்து, இது எங்கள் துறைக்குள் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கதவையே கழற்றிப் பார்த்தோம். கதவு இல்லாத வாசல் வழியாகவும் அவள் போய் அவள் வந்தாள்.

மூன்று நாள் பரபரப்பு. நாலாவது நாள் எல்லாருக்கும் பழகிப்போய்விட்டது. அதுதான் சார் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம், கதவு அல்ல.

அலுவலகத்திலிருந்து ஆள் வந்து எல்லாச் சாமானுக்கும் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் எழுதும்போது அவள் லேப் கோட்டிலும் நாற்பத்தெட்டு என்று எழுதிவிட்டுப் போனார். ஹாஸ்டல் வார்டன் அவள் அறையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, தலையணையை மட்டும் கொடுத்தனுப்பினார். வருகைப் பதிவில் ஞாயிற்றுக்கிழமை உட்பட எல்லா நாளும் அவளுக்கு நிறைந்து கிடந்ததால் துறைவிழாவில் ஒரு சான்றிதழ் அறிவித்தார்கள். வாங்க அவள் மேடைக்குப் போக முடியாததால் மேடையிலேயே இன்னொருத்தி வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டாள். தாவரவியல்காரர்கள், மீன்வளத்துறைக்காரர்கள் எல்லாரும் தங்கள் மாதிரிகளைக் கொண்டுவந்து இந்த ஜன்னலில் வைத்து, "நீ சும்மாதானே இருக்க" என்று விட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் சளி டப்பாவோடு வரிசையில் நின்றார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்த தர ஆய்வுக் குழு அறையைச் சுற்றிப் பார்த்து, இருபத்துநாலு மணி நேர ஆராய்ச்சி வசதி என்று அவளைச் சுட்டிக்காட்டிக் குறித்துக்கொண்டது.

எல்லாரையும்விட மகிழ்ந்தவர் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் ஞானசிகாமணி. "முத்துப்பேச்சி, இதைத் துன்பமா நினைக்காதே. நானும் ஆராய்ச்சி பண்ணினப்போ ஆறு வருஷம் லேபை விட்டு வெளியே போனதே இல்லை."

"நீங்க சம்பந்தம் பேசி, கல்யாணம் முடிச்சு, ரெண்டு பிள்ளை பெத்தது அந்த ஆறு வருஷத்துலதான் சார்" என்றேன் நான்.

"யோவ் வெயிலு, உன்னை பாட்டில் கழுவச் சொன்னா வாயைக் கழுவிக்கிட்டு இருக்கே."

நானும் கழுவினேன். அவள் எழுதின கட்டுரைகளில் அவர் பெயர் முதலில் வந்தது. அவள் தின்றது அமீர்ஜான் கொண்டுவந்து வைத்த இட்லி. அவள் பார்த்த உலகம் இந்த ஜன்னல் அளவு. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அந்தக் கல், அந்த வேப்பமரம், அதற்கப்பால் பஸ் நிற்கிற வளைவு. தினம் காலை பதினொன்று நாற்பதுக்கு மலையடிவாரத்து பஸ் அந்த வளைவில் வந்து நிற்கும். அவள் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ் போகும். அவள் இன்குபேட்டரைத் திறந்து ஆறு குப்பியையும் பார்ப்பாள், மூடுவாள். ஒன்றும் முளைத்திருக்காது. மறுநாள் பஸ் வரும், நிற்பாள், போகும், திறப்பாள், மூடுவாள்.

ஐந்தாவது வாரம் மைக்ராஸ்கோப் பழுதானது. மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து, ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று தூக்கிக்கொண்டு புறப்பட்டார். போனார், வந்தார். போனார், வந்தார். பதினோராவது தடவை உள்ளே வந்தபோது அவர் சட்டை நனைந்து போயிருந்தது. "அண்ணாச்சி, உங்க யூனிவர்சிட்டில வெளிய போற வழி எங்கிட்டு இருக்கு?" என்று அழாத குறையாகக் கேட்டார். பேச்சி அந்த மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தாள், ஃபேன் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு என்னவோ தோன்றியது. விலங்கியல் துறையில் கிடந்த ஒரு பழைய மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, மாடத்தில் காய்ந்து கிடந்த சந்தனத்தைக் குழைத்து அதற்கு ஒரு பொட்டு வைத்தேன். மெக்கானிக் கையிலிருந்த மைக்ராஸ்கோப்பிலிருந்து ஐந்து வாரமாக ஈரமாக இருந்த பொட்டு, பல்லி வால் மாதிரி பொட்டென்று கீழே விழுந்தது. அவர் நடந்தார். வராந்தா, படி, வேப்பமரம், பஸ். போயே போய்விட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த அறைக்குக் கணக்கு நாற்பத்தெட்டு. ஒன்று போக வேண்டுமென்றால் அதே இனத்தில் ஒன்று வந்து உட்கார வேண்டும். மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப். ஆளுக்கு ஆள்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், சரி யார் உட்காருவது என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு எல்லாரும் பொட்டு வைத்தவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, கடையில் நின்று சாப்பிடுகிற புரோட்டாவும், வாய்க்கு வந்ததைச் சொல்ல நாலு தெருவும்தான் சொத்து. ஆனாலும் அது என் சொத்து. இருபத்து மூன்று நாள் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பாட்டில் கழுவினேன். அந்த இருபத்து மூன்று நாளும் இந்த அறைக்குள் ஒரு பொய்க்கதைகூட நான் சொல்லவில்லை. "என்னண்ணே, வயித்து வலியா?" என்று அவளே கேட்டாள்.

எட்டாவது வாரம் குப்பிகள் பேசின. நாலு குப்பியில் ரஸ்க் தூள். ஐந்தாவதும் ஆறாவதும் வெறும் பச்சை, கண்ணாடி மாதிரி சுத்தம். பேச்சி அந்த இரண்டு குப்பியையும் இரண்டு கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போனது, டாக்டர் அந்த இரண்டு மருந்தையும் எழுதினார். பதினெட்டு மாதம், ஒரு நாள் விடாமல். ஒரு நாள் விட்டாலும் கிருமி அதற்கும் பழகிக்கொள்ளும் என்றார்.

ஆனால் செல்லையா வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷத்தில் பதினொரு மருந்து விழுங்கின மனிதர், ஊசி போட்டு ஒரு காதே செவிடாய்ப் போயிருந்தது. அமீர்ஜான் நேரில் போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டு, பிரிக்காத மாத்திரை அட்டைகளோடு திரும்பி வந்து நின்றான்.

"தாயீ, உங்க அத்தா முழுங்க மாட்டேங்கிறாரு. எம் மக வந்து கையில குடுத்தா முழுங்குறேங்கிறாரு. கதவு விடமாட்டேங்குதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். 'கதவு விடலையாம்ல கதவு! எட்டு வாரமா அப்பனை வந்து பாக்காதவளுக்குக் கதவு ஒரு சாக்கா? அவளுக்கே இந்த மாத்திரைல நம்பிக்கை இல்ல, அதான் வரல'ங்கிறாரு."

மாவட்டமே நம்பின விஷயத்தை நம்பாதவர் அந்த ஒரே மனிதர்தான்.

"எப்படி இருக்காரு?" என்றாள்.

"கட்டில்ல ஆளு இருக்குறதே போர்வையைத் தூக்குனாத்தான் தெரியுது" என்றான் அமீர்ஜான்.

பேச்சி அழவில்லை. இன்குபேட்டரைத் திறந்து ஆறு குப்பியையும் எடுத்துத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள். "அண்ணே, ஆட்டோகிளேவ் போடுங்க. எல்லாத்தையும் அழிச்சிருவோம். இனிமே இது எதுக்கு?"

தட்டை வாங்கினேன். ஆட்டோகிளேவ் பக்கம் திரும்பினதில் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் போட்டன. இருபத்து மூன்று நாள் அடக்கி வைத்தது அந்தச் சத்தத்தில் வாய் வழியாக வந்துவிட்டது. மெக்கானிக், மைக்ராஸ்கோப், விழுந்த பொட்டு, ஆளுக்கு ஆள், எல்லாம்.

அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்குப் பொய்யும் தெரியாது, நிஜமும் தெரியாது.

"இருபத்து மூணு நாளாவா?"

"ஆமா."

"தெனமும் நான் அந்த பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நிக்கிறதப் பாத்துக்கிட்டேவா?"

"ஆமா பேச்சி."

"தூ" என்றாள். மரியாதை தெரிந்த பிள்ளை சார், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி பதினொன்று இருபது. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாடத்துக்குப் போனேன், மிச்சச் சந்தனத்தில் குழாய்த் தண்ணீரைத் தெளித்தேன். அவள் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்ணே. கோவத்துல சொல்லிட்டேன். உங்கள இதுக்குள்ள அடைச்சுட்டு நான் எப்படிப் போவேன்?" அமீர்ஜான் வேறு, "மாமா, யோசிச்சுச் செய்யி மாமா" என்று ஒரு பக்கம் கத்தினான். மறு கை சும்மாதானே இருந்தது? இடது கையால் வைத்துக்கொண்டேன். பூஜைக்கு இடது கை ஆகாது என்பார்கள், ஆனால் இந்த அறை அதையெல்லாம் பார்க்கவில்லை.

அவள் நெற்றிப் பொட்டு உதிர்ந்து கோட்டில் இருந்த நாற்பத்தெட்டின் மேல் விழுந்தது.

"மூணாம் நாள் வந்துருவேன்" என்றாள், மாத்திரை அட்டைகளை வாங்கிக்கொண்டு. "அவரை முழுங்க வெச்சிட்டு நேரா வந்து உங்க இடத்துல உக்காந்துக்கிறேன். அப்பா மேல ஆணை."

"போ, போ, பஸ்ஸு வளைவுல திரும்பிருச்சு."

வாசல் வரைக்கும் போய் நின்றாள். இத்தனை தடவை ஏமாற்றின வாசல். வலது காலை வைக்கப் பயந்து, இடது காலை வைத்து, போனாள். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் குறைந்துகொண்டே போவதை அன்றைக்குத்தான் கேட்டேன். படிக்கட்டில் ஓடினாள், வேப்பமரத்தடியில் கோட்டைக் கழற்றி எறிந்தாள், ஏறிவிட்டாள்.

ஞானசிகாமணி மறுநாள் வந்து, பேச்சி இருந்த இடத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "நல்ல மைக்ராஸ்கோப்பை எடுத்துட்டுப் போய் யாரோ தேஞ்ச பாட்டில் பிரஷ்ஷை வெச்சுட்டுப் போயிருக்கான்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும் கதவைத் தாண்டிப் பார்த்தேன் சார், சும்மா ஒரு ஆசைக்கு. போனேன், வந்தேன். போகும்போது வராந்தா வெளிச்சம் கண்ணில் படும், அடுத்த அடியில் இன்குபேட்டரின் பச்சை விளக்கு.

இரண்டாம் நாள் அமீர்ஜான் இட்லி கொண்டுவந்தபோது ஒரு கணக்குப் போட்டோம். மருந்து பதினெட்டு மாதம். மகள் கையில் கொடுத்தால்தான் கிழவர் விழுங்குவார். மூன்றாம் நாள் அவள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் நாலாம் நாள் மாத்திரையைக் கொடுப்பது யார்?

"அவ வரக்கூடாது மாப்ளே" என்றேன்.

"வருவா மாமா. ஆணை போட்டுட்டுப் போயிருக்கா. அந்தப் பிள்ளை அப்படியாப்பட்ட பிள்ளை."

"அப்போ ஒண்ணே ஒண்ணுதான். என் காக்கிச் சட்டையை மாட்டிக்க."

சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் வந்தாள். வளைவில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே கையில் சந்தன வில்லை வைத்திருந்தாளாம். அந்த நேரத்துக்குத் தோள்பட்டை கிழிந்த என் காக்கிச் சட்டையும் என் தொப்பியும் போட்ட ஒரு ஆள், என் சைக்கிளில், என்னை மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். "அண்ணே!" என்று கத்தினாள். அமீர்ஜான் திரும்பாமல் கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டு மிதித்தான். வேப்பமரத்தடியில் நின்ற கேண்டீன் மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார்: "நேத்தே அந்த வாசல் சாதா வாசல் ஆயிருச்சும்மா. வெயிலுமுத்து அண்ணன் நாலு தடவை போய் வந்து பாத்துட்டு, எனக்கு இந்த வேலையே வேண்டாம், ஊர்ல போய் ஆடு மேக்கிறேன்னு கிளம்பிருச்சு."

அப்படியும் அவள் ஜன்னலுக்கு வந்தாள். நான் கழுவு தொட்டிக்குக் கீழே, வடிகுழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிப் படுத்திருந்தேன். என் தலைக்கு மேல் கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டுப் பட்டு விலகியது. "அண்ணே?" என்றாள் ஒரு தடவை. ஆயுசில் ஆயிரம் பொய் சொன்னவன் சார் நான், வாயைத் திறந்து சொன்ன பொய் எல்லாம் சுலபம். வாயைத் திறக்காமல் சொன்ன பொய் அது ஒன்றுதான். வாசல் அங்கே இருக்கிறது. எழுந்து, "இதோ இருக்கேன் தாயீ" என்று சொன்னால் போதும், அடுத்த நிமிஷம் நான் புரோட்டாக் கடையில். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். எனக்கே சரியாகத் தெரியாது. அந்தத் "தூ" இன்னும் காதில் இருந்ததோ என்னவோ.

அவள் போன பிறகு எழுந்து பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் மாத்திரை அட்டையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. மூன்று குழி, மூன்றும் உடைந்திருந்தன.

அது மூன்று, முப்பது, முன்னூறு என்று போனது. செல்லையா பதினெட்டு மாதமும் விழுங்கினார். இப்போதும் இருக்கிறார், ஒரு காது கேட்காமல், மற்றதில் கேட்பதையும் நம்பாமல். பேச்சி வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் பெரிய ஆளாகிவிட்டாள். எந்த அறையிலும் கதவைத் திறந்து போட்டுத்தான் வேலை செய்வாளாம். நான் இங்கே இருப்பதை அவளிடம் மூச்சு விடுவதில்லை என்று துறையில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அமீர்ஜான் முகவரிக்கு ஒரு பொட்டலம் பொரியும் கடலையும் வரும், 'ஊரில் இருக்கும் வெயிலுமுத்து அண்ணனுக்கு' என்று எழுதி. அமீர்ஜான் பதில் போடுவான்: அண்ணன் நலம், ஆடுகளும் நலம். இதுவரைக்கும் எனக்கு முப்பத்திரண்டு ஆடு இருக்கிறது. போன வருஷம் ஒன்று இரட்டைக் குட்டி போட்டது.

ஞானசிகாமணி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எனக்கும் ஓய்வு கொடுத்து, மாலையைக் கம்பில் மாட்டி ஜன்னல் வழியாகப் போட்டார்கள். துறை புதுக் கட்டடத்துக்குப் போனது, பொட்டு வைத்த நாற்பத்தேழு சாமானையும் எடுக்க முடியாமல் இங்கேயே விட்டுவிட்டு. நாங்கள் நாற்பத்தெட்டுப் பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். இன்குபேட்டர் மட்டும் கொஞ்சம் இருமும். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று அமீர்ஜான் சொல்கிறான். சுவர் போனாலும் வாசல் இருக்குமா என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசிப் பார்த்தோம், விடை தெரியவில்லை. பார்ப்போம்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? தலையில் கட்டியிருக்கிற துண்டையா? வெயிலுக்குக் கட்டியிருக்கிறேன். ஜன்னலுக்குள் வெயில் வராதுதான். கட்டியிருக்கிறேன், விடுங்கள். கிட்டே வந்து பார்க்கிறேன் என்று கையை உள்ளே நீட்டாதீர்கள். விரலில் எதுவும் ஒட்டிக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

அதோ, உங்கள் போன் அடிக்கிறது. டவர் வந்துவிட்டது. எடுங்கள், பேசுங்கள், ஊர் போய்ச் சேருங்கள், இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒன்றுக்கு நாலாகச் சேர்த்துச் சொல்லுங்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் சார். கேட்டால், அந்த வேப்பமரம் சொன்னது என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை காதுக்குப் போனால், பதினொன்று நாற்பது பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள், கையில் சந்தனத்தோடு.